காலையில் தூங்கும் அம்மா

நான் பாடம் நடத்தியதை மதிப்பிட்ட தாளில் 'பண்பாட்டுக் கூறு' என்று போட்டிருந்த கட்டத்தில் என் விரிவுரைஞர் எனக்குக் கொடுத்தது சைபர். கமுந்திங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியையாகப் போயிருந்தபோது நடந்தது இது. இப்போது ஈப்போவில் நானே புதிதாக வரும் பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டி. அவர்களிடம் இதைச் சொன்னால், "அப்புறம் எப்படி டீச்சர் பாஸ் பண்ணீங்க?" என்று வாயைப் பிளக்கிறார்கள். மற்ற கட்டங்களில் கிடைத்ததை வைத்துத் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினேன். அந்தச் சைபரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வெட்கம் மட்டும் வந்ததே இல்லை.

விரிவுரைஞர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தொழிலாளர்களின் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து முன்னுக்கு வந்தவர். "பிள்ளையோட பண்பாட்டுல இருந்து பாடத்தத் தொடங்கு" என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். சொல்லும்போது அவர் கண் கலங்கும்; கேட்கிற எங்களுக்கும் கலங்கும். அவர் பாடம் நடத்தும் அறையின் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. சொங்கோக் தொப்பி போட்ட மலாய்ப் பையன், சியோங்சாம் போட்ட சீனப் பெண், சேலை கட்டிய பெண், மூன்று பேரும் கைகோத்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பல்லினப் பண்பாடு என்றால் அந்தப் படத்தைத்தான் காட்டுவார். அந்த மூன்று பேரும் எங்கே குடியிருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் படத்தில் இருக்காது.

எனக்கும் அந்தப் படத்துக்கும் முதலிலிருந்தே ஆகாது. எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். கல்லூரியில் பண்பாட்டு நாள் வந்துவிட்டால், "நீ தமிழ்ப் பொண்ணுதான, கோலம் போடு" என்று சாயம் போட்ட அரிசியை என் கையில் திணித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவோம், கோலம் யாரும் போட்டதில்லை. நான் போட்ட மயிலைப் பார்த்துவிட்டு ஒரு மலாய்த் தோழி, "இது பேராக் மாநில வரைபடமா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அன்றைக்கே எனக்கு இந்தப் பண்பாட்டு வியாபாரத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

கமுந்திங் பள்ளியின் பெயரில் தோட்டம் இருந்தது. பள்ளிக்குப் பக்கத்தில் தோட்டம் இல்லை. ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். பள்ளி தன் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு தொழிற்பேட்டை ஓரமாக வந்து உட்கார்ந்துவிட்டது. வாசலைத் தாண்டினால் பெரிய சாலை. காலையிலும் பிற்பகலிலும் தொழிற்சாலைப் பேருந்துகள் நீலம், வெள்ளை, மஞ்சள் என்று வரிசையாகப் போகும். எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பாதிப் பேர் அந்தப் பேருந்துகளில்தான் போய் வந்தார்கள்.

இதெல்லாம் விரிவுரைஞருக்குத் தெரியாமல் இல்லை. அவரும் அதே சாலையில்தான் காடி ஓட்டிக்கொண்டு வந்தார். ஆனாலும் அவர் என் பாடத்தைப் பார்க்க வரும் முதல் கண்காணிப்புக்கு முன்னால், "தோட்டத்துப் பள்ளிம்மா அது. நேரம் சொல்ற பாடத்துக்குத் தோட்டத்தையே எடுத்துக்க. விடியக்காத்தால பிரட்டு, அப்புறம் பால் வெட்டு, பகல்ல பால் நிறுவை. பிள்ளைங்களுக்கு ரத்தத்துல ஊறின விசயம் லா," என்றார். பிரட்டு என்றால் விடிவதற்கு முன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. நானே அதைப் பார்த்ததில்லை. நான் பாடம் எடுத்த இரண்டாம் ஆண்டு, எட்டு வயதுப் பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

சொன்னபடி செய்தேன். மணிலா அட்டையில் என் உயரத்துக்கு ஒரு ரப்பர் மரம் செய்தேன். பால் வடியும் மங்கு கிடைக்காததால் தயிர் டப்பாவைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். வகுப்பில் அதை நிறுத்தியதும் பிள்ளைகள் அதிசயமாகப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், ஏன் மரத்துக்குத் தயிர் டப்பா கட்டியிருக்கீங்க?"

மீதிப் பாடவேளை முழுக்க ரப்பர் மரம் என்றால் என்ன, பால் ஏன் மரத்திலிருந்து வருகிறது, அதைக் குடிக்கலாமா என்று விளக்கியே தீர்ந்தது. மணி பார்க்க யாரும் கற்றுக்கொள்ளவில்லை. பின்வரிசையில் விரிவுரைஞர் முகம் மலர உட்கார்ந்திருந்தார். பண்பாட்டுக் கூறுக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஒல்லி, இரட்டைப் பின்னல், தொளதொளவென்று ஒரு சீருடை. வாய் திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் உதடு அசையும். நாம் குனிந்து காதைக் கொடுத்தால்தான் பதில் காதில் விழும். ஒருநாள் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அவளுடைய பயிற்சித் தாளைக் காட்டினார். இந்த ஆசிரியை என்னைவிட நிறைய வயது மூத்தவர். ஆசிரியர் அறையில் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

தாளில் ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் நிலா. அம்மா தூங்குகிறார், அம்மா வேலைக்குப் போகிறார், குடும்பத்தோடு சாப்பிடுகிறோம் என்று சின்னச் சின்னப் படங்கள். வெட்டிச் சரியான பக்கத்தில் ஒட்ட வேண்டும். இவள் தூங்கும் அம்மாவைச் சூரியனுக்குக் கீழே ஒட்டியிருந்தாள். வேலைக்குப் போகும் அம்மா நிலாவுக்குக் கீழே இருந்தார். தாள் முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி.

"பாரேன்," என்றார் அக்கா. "போன மாசம் இதே மாதிரி ஒரு தாள் குடுத்தேன், எல்லாம் சரியா செஞ்சா. இந்த மாசம் எல்லாம் தப்பு. ராத்திரி பகலே கொழம்புது. வாயும் தொறக்க மாட்டேங்குது. பயமா இருக்கு லா. குறைநீக்கல் வகுப்புக்குப் பேர் குடுத்துறலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் பேர் போகணும்."

குறைநீக்கல் வகுப்பு என்பது எழுத்தும் எண்ணும் பிடிபடாத பிள்ளைகளைத் தனியே அழைத்துப் போய்ச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு. தேவைப்படும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் புரிகிற ஒரு பிள்ளையை அங்கே அனுப்பினால், மற்ற பிள்ளைகள் அவளை மக்கு என்பார்கள். கொஞ்ச நாளில் அவளும் அதை நம்பிவிடுவாள். இந்தப் பெண்ணை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை. காரணம், அந்தக் கிசுகிசுக் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

என் அப்பா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தார். "உங்கப்பா அங்க வேலை செய்றாரா, இல்ல அங்க வச்சிருக்காங்களா?" என்று பள்ளியில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் இரண்டு பேரை அடித்திருக்கிறேன். இரவு வேலை முடித்து அப்பா காலையில் வருவார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்குப் பழைய சாக்கு. அவர் எழுந்திருக்கும் வரை வீட்டில் கரண்டி தட்டில் படக் கூடாது, குழாயைப் பாதிக்கு மேல் திறக்கக் கூடாது. பிரஷர் குக்கர் சீறத் தொடங்கினால் அம்மா பாய்ந்து போய் அடுப்பை அணைப்பார். என் தம்பி அழுவதைக்கூடச் சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டான். எங்களையும் ஊமையா என்று கேட்டவர்கள் உண்டு.

ஓய்வு நேரத்தில் அந்தப் பெண் சிற்றுண்டிச்சாலைப் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளுடைய குரலிலேயே கேட்டேன்.

"பசியாறிட்டியா?"

தலையாட்டினாள்.

"அம்மாவுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்ட்டு?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் யாரும் அதுவரை அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போல.

"நைட்டு."

"போன மாசம்?"

"மோர்னிங். இப்ப மாத்திட்டாங்க." அப்புறம் அவளே பேசினாள். அப்பா லோரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் வருவார். இரவில் இவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் படுத்துக்கொள்வாள். காலையில் அந்த அக்கா மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிடுவார். "அம்மா பஸ்ஸு நம்ம கேட்டத் தாண்டித்தான் போவும் டீச்சர். நீல பஸ்ஸு. நா கை காட்டுவேன். அம்மாவும் காட்டும். அப்புறம் அம்மா போயித் தூங்கிரும். நா வீட்டுக்குப் போனாலும் பேச மாட்டேன். எந்திரிச்சதுக்கு அப்புறம்தான் பேசுவேன்."

பேசிப் பழக நேரம் ஏது அவளுக்கு? போன மாதத் தாளும் சரி, இந்த மாதத் தாளும் சரி. இரண்டையும் தன் வீட்டைப் பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறாள். மாறியது அம்மாவின் வேலை நேரம். நேராக ஆசிரியர் அறைக்கு ஓடிப்போய் வகுப்பு ஆசிரியை அக்காவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும்," என்றார். "ஆனா சோதனைத் தாள் அவ வீட்டுக் கதையக் கேக்காது லா. நீ பயிற்சிக்கு வந்த பொண்ணு, நாளைக்குப் போயிருவ. நீ சொன்னன்னு பேர எடுத்துட்டேன்னா, கேக்குறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். ஒன்னு செய்யி. ஒங்க சார் அடுத்த வாரம் மறுபடி வாராரு இல்ல? அவரு முன்னுக்கு அவ வாயத் தொறந்து நேரம் சொல்லட்டும். நானும் வந்து நிக்கிறேன். சொல்லிட்டான்னா பேர எடுத்துர்றேன்."

எதிர் மேசையில் மலாய்மொழி சொல்லித்தரும் மலாய்க்கார ஆசிரியை நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். பல வருடமாகத் தமிழ்ப்பள்ளியில் இருப்பவர். தமிழ் பேச மாட்டார், நாங்கள் பேசுவது புரியும். "அனாக் சாயா புன் சாமா," என்றார் தலையைத் தூக்காமல். என் பிள்ளையும் இப்படித்தான் என்று. அவருடைய கணவரும் அதே தொழிற்சாலை, அதே நீலப் பேருந்து. அவர் மகன் தன் பள்ளியில் 'அப்பா பகலில் தூங்குவார்' என்று எழுதி, அப்பா சோம்பேறியா என்று கேட்டுவிட்டார்களாம். அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். நோன்பு மாதத்தில் மலாய்க்காரர்கள் நோன்பு திறக்கப் போகும்போது தமிழ்ப் பெண்களும் நேப்பாளத்துப் பையன்களும் அவர்களுடைய இயந்திரங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் இரட்டை ஷிஃப்ட் நிற்பார்கள், நோன்புப் பெருநாளான ராயாவுக்குத் தமிழர்கள். யாரும் உத்தரவு போடவில்லை, அவர்களுக்குள்ளேயே பேசி வைத்துக்கொண்டது.

எனக்குச் சுவரில் கைகோத்து நின்ற அந்த மூன்று பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அடுத்த பாடம் என்ன என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நான் அனுப்பிய பாடத் திட்டத்தைப் பார்த்துவிட்டு விரிவுரைஞர் உடனே போன் பண்ணினார்.

"என்னம்மா இது, பஸ்ஸு, ஷிஃப்ட்டுன்னு? பண்பாடு எங்க? இது பண்பாடு இல்ல, பொழப்பு."

"பொழப்பு இல்லாம என்ன சார் பண்பாடு?"

"போன பாடம் எவ்வளவு நல்லா இருந்துச்சி. பேசாம அந்த மரத்தையே கொண்டு வா," என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"அந்த மரத்த வெட்டிட்டேன் சார்," என்றேன்.

பொய் இல்லை. அந்த அட்டையை வெட்டித்தான் பெரிய கடிகாரம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். என் மதிப்பெண் அடிபடும் என்று தெரியும். தெரிந்தே சொன்னேன். படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டியவள், வீட்டில் எல்லாரும் என்னை நம்பியிருந்தார்கள். பயம் இருந்தது. ஆனால் அந்த மரத்தை மறுபடி தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் முன்னால் நிற்பதை நினைத்தால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது.

அன்றைக்குக் காலையில் மழை. பக்கத்து ஊரான தைப்பிங் மழைக்குப் பேர் போனது, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை; சபைகூடல் ரத்து, பிள்ளைகள் நேரே வகுப்புக்கு. நான் என் வகுப்பை வாசலருகே இருக்கும் கூரைக்கு அழைத்துப் போனேன். பெற்றோர் காத்திருப்பதற்காகப் போட்ட தகரக் கூரை அது. பிள்ளைகள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா ஒரு தூணில் சாய்ந்து நின்றார். விரிவுரைஞர் குடையை மடக்கிவிட்டு, மதிப்பீட்டுத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

வெள்ளைப் பேருந்து வந்தது. "இதுல இருக்கறவங்க எங்க போறாங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்கு!" என்று கத்தினார்கள்.

"எத்தனை மணிக்கு வருவாங்க?"

நான் கடிகார முள்ளைத் தொடுவதற்குள் பதில் வந்துவிட்டது. யார் அம்மா எந்தப் பேருந்து, யார் அப்பாவுக்கு எப்போது ஓவர்டைம், எல்லாம் விரல் நுனியில் இருந்தது. ஒருத்தி, "ராயா அன்னிக்கு எங்கம்மா டபுள், ஏன்னா தீபாவளிக்கு அந்த மலாய்க்கார மாக்சிக் எங்கம்மாவுக்காக நின்னாங்க," என்றாள். முந்தின வாரம் மணி பார்க்கத் தெரியாமல் விழித்த வகுப்பு இதுதான்.

அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. வேலியின் கோடியில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பேருந்தை இன்னும் காணோம். மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. விரிவுரைஞர் அவளைக் கவனித்துவிட்டுக் குனிந்து, "ஒங்க அம்மா எப்பம்மா தூங்குவாங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். அவள் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தகரத்தில் மழை அப்படி அடித்தது. அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நானே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் அவள் இன்னும் சுருங்கிவிடுவாள் என்று தோன்றியது.

அப்போது நீலப் பேருந்து திரும்பியது.

அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். பேருந்துக் கண்ணாடி முழுக்க ஆவி பிடித்து வெள்ளையாக இருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அவள் இன்னும் எக்கி ஆட்டினாள். ஒரு கையும் பதிலுக்கு ஆடவில்லை. பேருந்து வாசலைத் தாண்டப் போகிறது. அவள் திரும்பி என் அட்டைக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அலுவலகச் சுவரில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கூரையை விட்டு மழையில் இறங்கி ஓடி, வேலியில் முகத்தை வைத்துக் கத்தினாள்.

"அம்மா! எட்டாகப் போவுது! போயித் தூங்கு! நா ரெண்டு மணிக்கு வந்து எழுப்புறேன்!"

அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு குரலை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. மழையையும் மீறிச் சாலைக்குக் கேட்டது. பேருந்தின் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு கை வேகமாக ஆவியைத் துடைத்தது. ஒரு முகம் தெரிந்தது, சிரித்தது, போய்விட்டது. நான் அழுதுவிட்டேன். மழைச் சாரலில் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன், எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா தன் துப்பட்டாவால் அந்தப் பெண்ணின் தலையைத் துவட்டிவிட்டார். "அந்தத் தாள எடுத்துட்டு வா," என்றார் என்னிடம். "நான் மறுபடி திருத்தணும். பேரையும் எடுத்துர்றேன்."

விரிவுரைஞர் மட்டும் பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அதை இன்றைக்கும் நான் அவர்மேல் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

"பாடம் நல்லாத்தான் இருந்துச்சி," என்றார். "ஆனா இதுல நம்ம பண்பாடு எங்கம்மா இருக்கு?"

நான் சாலையைக் காட்டினேன்.

"இப்பதான் சார் நீல பஸ்ஸுல போச்சி. விடிய விடிய வேலை செஞ்சிட்டுத் தூங்கப் போவுது. கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."